பழைய ஸ்போர்ட்டி சிறுகார்: எதற்கு முதலில் செலவிட வேண்டும்

1976இல் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரின் எஞ்சின் 110 குதிரைத்திறன் தந்தது. காரின் எடை ஏறத்தாழ 810 கிலோ. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் பலவும் அந்தத் திறனை எளிதில் எட்டிவிடுகின்றன. ஆனால் அதே பெயரில் வரும் எட்டாம் தலைமுறைக் காரின் எடை 1,400 கிலோவையும் தாண்டிவிட்டது. பழைய ஸ்போர்ட்டி சிறுகார்களைத் தேடிப்பிடித்து வாங்குவோர் எதைத் தேடுகிறார்கள் என்பதை இந்த ஒரு வேறுபாடே சொல்லிவிடும். எடை குறைவாக இருக்கும்போது சிறிய எஞ்சினே போதுமானதாகிறது. சாலையின் தன்மை ஸ்டீயரிங் வழியே கைக்குத் தெரிகிறது. சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே ஓட்டும் இன்பம் முழுமையாகக் கிடைத்துவிடுகிறது.

இத்தகைய காரை வைத்துக்கொள்வதில் மனநிறைவு அடைபவர்களுக்கும், இரண்டே ஆண்டில் சலித்துப்போய் நட்டத்துக்கு விற்பவர்களுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் செலவிட்ட தொகையில் இருப்பதில்லை; எதற்கு முன்னால் எதைச் செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. முதலில் காரின் உடற்கூடு, அதன்பின் தள்ளிப்போடப்பட்ட பராமரிப்பு, அதன்பின் டயர், பிரேக், சஸ்பென்ஷன், எல்லாவற்றுக்கும் கடைசியாக எஞ்சினின் திறன் என்ற வரிசையைப் பின்பற்றுமாறு இந்தக் கட்டுரை பரிந்துரைக்கிறது. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் ஒரே வேலைக்கு இருமுறை பணம் கொடுக்க நேரிடும்.

வாங்குவதற்கு முன்

எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன்பே காரின் அடிப்பகுதியைப் பாருங்கள். பழுதான எஞ்சினுக்குப் பதிலாக இன்னொன்றைப் பொருத்திவிடலாம், கியர்பாக்ஸையும் அப்படியே மாற்றலாம். ஆனால் துரு அரித்த உடற்கூட்டைச் சீர்செய்வது காரின் விலையையே விழுங்கிவிடும் வேலை. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் செல்லும் பெட்டி போன்ற பகுதி, ஜாக்கி வைக்கும் இடங்கள், பின்சக்கர வளைவுகளின் உள்விளிம்பு, முன்பக்க சஸ்பென்ஷன் மேலே வந்து சேரும் மேடைகள், பின்பக்க உதிரிச் சக்கரக் குழி ஆகியவையே பெரும்பாலான சிறுகார்களில் முதலில் துருப்பிடிப்பவை. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். திடமான தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மந்தமான ஓசை எழுப்பும். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்று கையில் இருந்தால், பெயிண்டுக்கு அடியில் தடிமனாகப் பட்டி பூசி மறைத்த இடங்களில் அது ஒட்டாமல் விழுந்து உண்மையைக் காட்டிவிடும். அடிப்பகுதி முழுவதும் அண்மையில் கறுப்பு ரப்பர் பூச்சு அடிக்கப்பட்டிருந்தால் அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று விற்பவர் புகைப்படத்துடன் காட்ட முடியாவிட்டால், அங்கே துரு இருப்பதாகவே கொண்டு விலை பேசுங்கள்.

அடுத்ததாக எஞ்சின். நீங்கள் வரும்போது எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சென்றவுடன் மூடியின் மேல் கை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் சங்கிலியின் தேய்மானம், அதை இறுக்கும் டென்ஷனரின் தளர்ச்சி, வால்வு சீலின் கசிவு ஆகியவற்றின் அடையாளங்கள் குளிர்ந்த எஞ்சினை முதன்முறை கிளப்பும் சில நொடிகளில்தான் வெளிப்படும். 2006இல் வந்த இரண்டாம் தலைமுறை மினி கூப்பர் எஸ் காரின் டர்போ எஞ்சினில் அந்த நேரத்தில் கேட்கும் கடகடவென்ற சங்கிலி ஓசை பலரும் அறிந்த எச்சரிக்கை. நீல நிறப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பிறகும் இனிப்பு வாடையுடன் வெண்புகை தொடர்ந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது. விற்பவர் இசைந்தால், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே அளவு பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால், அந்தக் கார் இன்னும் ஓடுகிறது என்பதை வைத்து ஆறுதல் கொள்ள முடியாது.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும், காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் பிழைகளைப் படிக்க உதவும் ஓபிடி இணைப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் தெரிவு அதற்குப் பிந்தைய கார் என்றால், மலிவான ரீடர் ஒன்றைச் செருகி, பதிவான பிழைக்குறிகளோடு, கார் தன்னைத் தானே சரிபார்க்கும் தன்சோதனைகள் முடிந்துவிட்டனவா என்பதையும் பாருங்கள். பிழைக்குறி எதுவும் இல்லாமல் தன்சோதனைகள் மட்டும் பெரும்பாலும் முடிவடையாத நிலையில் இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ பிழைகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதற்கான காரணத்தை விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

ஒவ்வொரு மாடலுக்கும் தனக்கே உரிய பலவீனம் உண்டு. காரைப் பார்க்கச் செல்வதற்கு முன் அதைத் தெரிந்துகொண்டு போவது அரைநாள் படிப்புக்குத் தகுந்த பலன் தரும். 1984இல் வந்த பெஜோ 205 ஜிடிஐ காரில் பின்பக்க அச்சின் ஊசி பேரிங்குகள் தேய்ந்துபோகும். பின்னால் நின்று பார்க்கும்போது சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் அச்சைப் பிரித்துச் சீர்செய்யும் வேலை காத்திருக்கிறது. ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயின் 2 லிட்டர் டர்போ எஞ்சினில், உயர் அழுத்த எரிபொருள் பம்பைத் தள்ளும் கேம் ஃபாலோயர் என்ற சிறு உலோகக் குப்பி தேய்ந்து ஓட்டையாகும். மலிவான அந்தக் குப்பியை அவ்வப்போது கழற்றிப் பார்த்து மாற்றாமல் விட்டவர்கள், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் பம்பையும் சேர்த்து மாற்ற வேண்டியதாகிவிடுகிறது. அதே எஞ்சினைப் போல, பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பாய்ச்சும் எஞ்சின்கள் அனைத்திலும் உள்ளிழுக்கும் வால்வுகளின் முதுகில் கரி படியும். பெட்ரோல் அவற்றைக் கழுவிச் செல்லும் வழி அங்கே இல்லை.

ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் சூடான பிறகு மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்குச் சற்றே விரைவாக இறக்குங்கள். பற்கள் உரசும் ஓசை கேட்டால், கியர்களின் வேகத்தை ஒன்றாக்கி இணைக்கும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. உயர் கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறி, காரின் வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. சமதளச் சாலையில் ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடித்து, கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள்.

யாரோ மாற்றியமைத்த காருக்கும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்கும் இடையே தெரிவு செய்ய வேண்டியிருந்தால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது பின்னதையே வாங்குங்கள். முந்தைய உரிமையாளர் பொருத்திய பாகங்கள் நல்லவையாகவே இருக்கலாம். ஆனால் வயரிங்கை எப்படி வெட்டி ஒட்டினார், எஞ்சின் கம்ப்யூட்டரில் எந்த மென்பொருளை ஏற்றினார், அதன்பின் எஞ்சின் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வழியில்லை.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டுகளில் பல நிறுவனங்களின் கார்களில் பொருத்தப்பட்ட தகாடா ஏர்பேக்குகளில், நீண்ட கால வெப்பத்தாலும் ஈரத்தாலும் உள்ளிருக்கும் வேதிப்பொருள் சிதைந்து, விரியும் நேரத்தில் உலோக உறையே வெடித்துச் சிதறும் ஆபத்து கண்டறியப்பட்டது. அதன் விளைவாக வாகன வரலாற்றிலேயே மிகப் பெரிய திரும்ப அழைப்பு நடந்தது. காரின் சேசிஸ் எண்ணை அந்தத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு, திரும்ப அழைப்பு வேலை எதுவும் நிலுவையில் உள்ளதா என்று பாருங்கள். மாற்றித் தருவதற்குக் கட்டணம் கிடையாது; மாற்றாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

முதல் சில மாதங்கள்

கார் வீட்டுக்கு வந்ததும் புதிய அலாய் வீலுக்கு மனம் பாயும். அதற்கு இடம் கொடுக்காமல், காரை அதன் தயாரிப்பாளர் எண்ணிய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவதே முதல் வேலை. பத்து, பதினைந்து ஆண்டு தேய்மானத்தோடு ஓடும் கார் உண்மையில் எப்படி ஓட வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. சஸ்பென்ஷன் மூட்டுகளில் தொய்ந்துபோன ரப்பர் புஷ்களையும் செத்துப்போன ஷாக் அப்சார்பர்களையும் அந்தக் காரின் இயல்பு என்று எண்ணி, அதைச் சரிசெய்ய விலையுயர்ந்த பாகங்களை வாங்கிக் குவிக்கிறார்கள்.

டைமிங் சங்கிலிக்குப் பதிலாக ரப்பர் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில், அது மாற்றப்பட்டதற்கு ரசீது இல்லை என்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்லாமல் ஆண்டுக் கணக்கும் உண்டு. ஓடாமல் நின்ற காரிலும் ரப்பர் முதுமை அடையும். இவ்வகை எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் பெல்ட் அறுந்த கணமே பிஸ்டன்கள் வால்வுகளை மோதி வளைத்துவிடும். பெல்ட்டை மாற்றும்போது டென்ஷனரையும், அதே பெல்ட் இயக்கும் வகையாக இருந்தால் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், ஏனெனில் கூலியில் பெரும்பகுதி அந்த இடத்தை எட்டுவதற்கே செலவாகிறது.

எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் ஆகிய நான்கையும் ஒரே சமயத்தில் புதுப்பித்து, அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்று கையேடு சொல்லும் கியர்பாக்ஸ் ஆயிலையும் மாற்றுங்கள். மரத்துப்போன கியர் மாற்றம் இந்த ஒரு வேலையிலேயே இலகுவாவதுண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பிரேக் ஆயில் தரங்களில் ஒன்றான டாட் 4க்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் சேர்ந்த பிறகு 155 டிகிரி. மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அந்தப் பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால், பெடல் தரைவரை இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது இந்தக் கார்களில் கட்டாயம் என்றே சொல்வேன்.

குளிர்விக்கும் அமைப்பில் முதலில் கைவிடுவது உலோகப் பாகங்கள் அல்ல. கூலண்ட் நிரப்பும் பிளாஸ்டிக் தொட்டி, தெர்மோஸ்டாட் உறை, ரேடியேட்டரின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக், குழாய்கள் ஆகியவைதாம் வெப்பத்தில் நொறுங்கி வெடிக்கும். அவற்றின் விலை ஒரு சிலிண்டர் ஹெட் வேலையோடு ஒப்பிட அற்பம். எஞ்சினைச் சுற்றியுள்ள மெல்லிய வெற்றிடக் குழாய்களும் அப்படியே. காரணம் தெரியாமல் ஐடிலிங் ஏறி இறங்கும் கார்களில் பலவற்றுக்கு விடை வெடித்த ஒரு ரப்பர் குழாயில் இருக்கும். 1980, 1990களின் கார் என்றால், எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களைச் சிதைக்கக்கூடும் என்பதால், எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுவது தீ விபத்தைத் தவிர்க்கும் வேலை.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கக் குறி ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். தடம் ஆழமாகவே தெரிந்தாலும், பத்து ஆண்டைத் தாண்டிய டயரை நம்பி வளைவில் காரைத் திருப்பக் கூடாது.

மாற்றியமைத்தல்

இப்போதுதான் மாற்றங்களுக்கு நேரம் வருகிறது. இந்த இடத்தில் ஒழுங்கு ஒன்றைக் கடைப்பிடியுங்கள்: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதற்குப் பின் பழகிய சாலையில் போதிய ஓட்டம், அதன்பிறகே அடுத்தது. மூன்று பாகங்களை ஒரே நாளில் பொருத்தினால், எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று பின்னால் பிரித்தறிய முடியாது.

காருக்கும் சாலைக்கும் நடுவே இருப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. அவை ஒவ்வொன்றும் தரையைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவுதான். ஆகவே முதல் பணம் நல்ல டயருக்குப் போக வேண்டும். அடுத்ததாக மனம் போகும் பெரிய சக்கரத்தைப் பற்றி நிதானமாக யோசியுங்கள். 15 அங்குலத்துக்காக வடிவமைக்கப்பட்ட காரில் 17 அங்குலச் சக்கரம் பொருத்தினால் பெரும்பாலும் எடை கூடுகிறது, அதுவும் ஸ்பிரிங் தாங்காத, சுழலும் எடையாகக் கூடுகிறது. பிக்கப்பும் பிரேக்கும் மந்தமாகின்றன. டயரின் பக்கச்சுவர் மெலிந்து, ஒவ்வொரு பள்ளமும் நேரே முதுகெலும்புக்கு வருகிறது. அதே அளவில் எடை குறைந்த அலாய் கிடைத்தால் அதுவே உண்மையான முன்னேற்றம். சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே அமர்கிறது என்பதைக் குறிக்கும் ஆஃப்செட் அளவு தொழிற்சாலை அளவிலிருந்து அதிகம் விலகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள பேரிங்கின் சுமையும் ஸ்டீயரிங்கின் இழுப்பும் கூடும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, சாலையில் மட்டும் ஓட்டும் காருக்குப் பெரிய டிஸ்க்கும், பேடுகளை அதன்மேல் அழுத்தும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. நல்ல டிஸ்க், தரமான பேடு, புதிய ஆயில், வெடிப்பு இல்லாத குழாய்கள், தடையின்றி நகரும் காலிப்பர் ஊசிகள் ஆகியவை போதும். ரேஸ் தடத்துக்கான பேடுகளைச் சாலையில் பயன்படுத்தாதீர்கள். அவை சூடேறிய பிறகே நன்றாகப் பிடிக்கும். குளிர்ந்த காலையில் வரும் முதல் சிக்னலில் அவற்றின் பிடிப்பு சாதாரண பேடுகளைவிடக் குறைவு.

சஸ்பென்ஷனில்தான் மிகுதியான பணம் வீணாகிறது, ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் எல்லா ரப்பர் புஷ்களையும் பந்து மூட்டுகளையும் புதிதாக்குங்கள். சாலையில் தினமும் ஓடும் காருக்குத் தயாரிப்பாளர் தரும் ரப்பரே பொருத்தம். பாலியூரிதேன் புஷ் ஸ்டீயரிங்கைக் கூர்மையாக்கும், ஆனால் அதிர்வையும் ஓசையையும் உள்ளே கொண்டுவரும். அதன்பின் நல்ல ஷாக் அப்சார்பர்கள். குட்டை ஸ்பிரிங்கை மட்டும் வாங்கி, தேய்ந்த பழைய ஷாக் அப்சார்பர்களோடு சேர்ப்பது மிகவும் பரவலான தவறு. விறைப்பான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் வலிமை அவற்றுக்கு இல்லாததால், கார் பார்வைக்குத் தாழ்ந்திருக்கும், ஆனால் வளைவிலுள்ள மேடு பள்ளத்தில் தரையை விட்டுத் துள்ளும்.

எவ்வளவு தாழ்த்தலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பெரும்பாலான சிறுகார்களின் முன்பக்கத்தில் இருப்பது, ஷாக் அப்சார்பரே சக்கரத்தின் மேல்பிடியாகவும் அமையும் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. காரைத் தாழ்த்தும்போது, சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை கிடைமட்டத்தையும் தாண்டி மேல்நோக்கிச் சாயத் தொடங்கினால், வளைவில் கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வுமையம் அதன் ஈர்ப்புமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. அதனால் தாழ்த்திய கார் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாய முற்படும். பள்ளத்தில் விழும்போது சக்கரம் தானாகத் திரும்பும் குணமும் வரும். 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை தாழ்த்துவதோடு நிறுத்திக்கொள்வது பெரும்பாலான கார்களுக்கு நல்லது. முன்சக்கர இயக்கக் காரில், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரைப் பின்பக்கத்தில் சற்றுத் தடிமனாக்கினால், முன்பகுதி வளைவுக்கு வெளியே தள்ளும் பழக்கம் குறையும். ஆனால் பெஜோ 205 போல, வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் பின்பகுதி சுழலும் இயல்புடைய குட்டைக் கார்களில் அந்த வேலையைத் தொட வேண்டாம்.

எதைக் கழற்றி மாட்டினாலும் இறுதியில் நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யுங்கள். டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சாய்ந்திருக்கும் அளவு) ஆகிய கோணங்களை அறிந்து சரிசெய்யும் மெக்கானிக் ஒருவர், விலையுயர்ந்த பாகங்கள் பலவற்றைவிட அதிக மாற்றத்தைக் காட்டிவிடுவார். இந்த வேலையின் பயனைப் பலரும் உணராமல் இருப்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

எஞ்சினுக்கு வருவோம். டர்போ இல்லாத எஞ்சினில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1989இல் ஹோண்டா, வால்வுகளின் திறப்பைச் சுழற்சிக்கேற்ப மாற்றும் தன் முதல் விடெக் எஞ்சினை 1.6 லிட்டர் கொள்ளளவில் 160 குதிரைத்திறனுடன் கொண்டுவந்தது. லிட்டருக்கு நூறு குதிரைத்திறன் என்பது அன்று வியப்பான எண். இப்படிப்பட்ட எஞ்சினில் பிழிந்தெடுக்கக் கூடியதை அதன் பொறியாளர்களே எடுத்துவிட்டார்கள். கூம்பு வடிவ ஏர் ஃபில்டரும் அகன்ற சைலன்சரும் அதில் முதன்மையாகச் சேர்ப்பது ஓசையைத்தான். அந்த ஃபில்டர் எஞ்சின் அறையின் சூடான காற்றை இழுத்தால் திறன் குறையவும் செய்யும். டர்போ எஞ்சினில் நிலைமை வேறு. மென்பொருளை மட்டும் மாற்றி இருபது விழுக்காடும் அதற்கு மேலும் திறனைக் கூட்ட முடியும். அந்தக் கூடுதல் முறுக்குவிசையை முதலில் தாங்க வேண்டியது கிளட்ச். அடுத்து கியர்பாக்ஸ், முன்சக்கர ஷாஃப்டுகள், குளிர்விக்கும் அமைப்பு. முன்சக்கரங்களே காரை இழுக்கவும் திருப்பவும் செய்வதால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இல்லாமல், கூட்டிய திறனில் ஒரு பகுதி உள்பக்கச் சக்கரத்தின் வீண் சுழற்சியாகப் புகைந்து போகும். எஞ்சின் பெல்ட் மூலம் சுழற்றும் காற்றழுத்தியான சூப்பர்சார்ஜர் உள்ள முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ் காரில் அதன் பெல்ட் சக்கரமான புல்லியைச் சிறியதாக மாட்டுவது பெயர்பெற்ற வேலை. அது எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தமான பூஸ்டைக் கூட்டுவதோடு சூப்பர்சார்ஜரின் சுழற்சியையும் வெப்பத்தையும் கூட்டுகிறது. இவற்றை ஏற்றுக்கொண்டு செய்யலாம். கம்ப்ரஷன் சோதனையில் தேறாத, கூலண்ட் கசியும் எஞ்சினில் மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அகற்றுவது பெரும்பாலான நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பானது, காற்றையும் கெடுக்கிறது. எந்த மாற்றத்துக்கு அனுமதி தேவை, எது தகுதிச் சோதனையில் காரை நிறுத்தும் என்பதைப் பாகம் வாங்கும் முன்பே உங்கள் நாட்டு விதிகளில் பாருங்கள். செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காத ஒரு மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. கழற்றிய அசல் பாகங்களைப் போல்ட்டுகளோடு சேர்த்துப் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். அவற்றை எறிந்தவர்கள் காரை விற்கும் நாளில் வருந்துவார்கள்.

அன்றாட ஓட்டத்தில்

தண்ணீரின் வெப்பநிலைக் காட்டி நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் எஞ்சின் தயாராகிவிட்டது என்று பொருளில்லை. ஆயில் சூடாக அதற்கு மேலும் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை எஞ்சினை உயர் சுழற்சிக்குக் கொண்டுபோகாதீர்கள். வேகமாக ஓட்டி முடித்த பின், டர்போ உள்ள காரைக் கடைசி சில நிமிடங்கள் மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். எரிபொருள் மூடியின் உட்புறத்தில் எழுதியிருக்கும் ஆக்டேன் அளவுக்குக் குறைவான பெட்ரோலை நிரப்ப வேண்டாம். ஆயில் அளவை ஒவ்வொரு முறை டாங்க் நிரப்பும்போதும் பாருங்கள். உயர் சுழற்சியில் ஓடும் பழைய எஞ்சின்கள் ஆயில் குடிப்பது இயல்பு, அதைக் கவனிக்காமல் விடுவதே அவற்றைக் கொல்கிறது. உற்பத்தி நின்றுபோகும் பாகங்கள், குறிப்பாக உட்புறப் பிளாஸ்டிக், விளக்குகள், கதவு ரப்பர்கள் ஆகியவை எங்காவது கண்ணில் பட்டால் அப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

மாற்றும் காலம்

எஞ்சின் போய்விட்டது என்பதற்காக மட்டும் காரைக் கைவிட வேண்டியதில்லை. உடற்கூடு திடமாக இருந்தால், அதே மாடலின் நல்ல எஞ்சின் ஒன்றைப் பொருத்திப் பல ஆண்டுகள் ஓட்டலாம். மாறாக, சஸ்பென்ஷன் இணையும் இடங்களிலும் சீட் பெல்ட் பொருத்தப்பட்ட இடங்களிலும் துரு ஆழமாக இறங்கிவிட்டதென்றால், எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அந்தக் காரின் காலம் முடிந்தது. விபத்தில் பயணிகளைக் காக்க வேண்டிய பகுதியே அங்கே இல்லாமல் போய்விடுகிறது.

இவை இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். காரின் சந்தை மதிப்பையும் செய்ய வேண்டிய வேலையின் செலவையும் ஒப்பிட்டு, செலவு கூடினால் விற்றுவிடுவது என்ற கணக்கு எளிதானது. ஆனால் அது சரியான கணக்கு அல்ல. அந்த வேலையைச் செய்த பின் இந்தக் கார் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பதையும், அதே ஆண்டுகளில் வேறு காருக்கு மதிப்புத் தேய்மானம், வட்டி, காப்பீடு ஆகியவற்றுக்கு எவ்வளவு போகும் என்பதையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பழைய காரின் மதிப்பு ஏற்கெனவே விழ வேண்டியதெல்லாம் விழுந்துவிட்டது. சில மாடல்களின் விலை ஏறிக்கொண்டும் இருக்கிறது.

பாதுகாப்பு என்ற ஒரு காரணம் மட்டும் இந்தக் கணக்கை மீறி நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில், வழுக்கும் காரைத் தானாகப் பிரேக் பிடித்து நிலைநிறுத்தும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2014 நவம்பரில்தான். 1980, 1990களின் கார்களில் பெரும்பாலானவற்றில் அது இல்லை, பலவற்றில் பக்கவாட்டு ஏர்பேக்கும் இல்லை. குழந்தைகளை நாள்தோறும் ஏற்றிச் செல்ல வேண்டிய நிலை வந்துவிட்டால், பழைய காரை ஓய்வு நாள் ஓட்டத்துக்கு வைத்துக்கொண்டு வேறொன்றை வாங்குவதே என் பரிந்துரை. இரண்டு கார் வைக்க வசதி இல்லையென்றால் பழையதை விற்றுவிடுங்கள்.

புதியதைத் தேடும்போது திறனை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். பழைய காரில் உங்களுக்குப் பிடித்தது எது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எடை குறைவுதான் முக்கியம் என்றால், ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாக எடையுள்ள 2017இன் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் நெருங்கிய உறவாகத் தோன்றும். பின் இருக்கை வேண்டாமென்றால் மாஸ்டா எம்எக்ஸ் 5. எந்தச் சாலையிலும் பிடிப்பும் வேகமும் வேண்டுமென்றால், 2020இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ், 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டது. குடும்பத்துக்கும் சேர்த்து இடம் வேண்டுமென்றால் 2017இல் வந்த ஹூண்டாய் ஐ30 என் பொருந்தும். எதுவாயினும், உங்கள் பழைய காரை ஓட்டிச் சென்று, அதே நாளில், அதே சாலையில் புதியதையும் ஓட்டிப் பாருங்கள்.

பழையதை விற்கும்போது, பெட்டியில் வைத்த அசல் பாகங்களை மீண்டும் பொருத்தி, மாற்றுப் பாகங்களைத் தனியாக விற்றால் மொத்தத்தில் கூடுதல் தொகை கிடைக்கும். மாற்றங்களுக்குச் செலவிட்ட பணம் காரின் விலையில் திரும்பி வருவதில்லை. எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளையும் அசல் நிலைக்குக் கொண்டுவாருங்கள், அது ஒருகாலத்தில் மாற்றப்பட்டிருந்தது என்பதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரசீதுகள், துருவைச் சரிசெய்த வேலையின் புகைப்படங்கள், பெல்ட் மாற்றிய தேதி ஆகியவற்றை ஒரே கோப்பில் அடுக்கிக் கொடுங்கள். புதிய கார் வந்த அன்றே பழையதைக் கைவிடாமல், இயன்றால் ஒரு மாதம் இரண்டையும் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். அந்த மாதத்தின் முடிவில் எந்தச் சாவியைக் கை தானாக எடுக்கிறது என்று பார்த்த பிறகு விளம்பரம் கொடுங்கள்.